கிளட்ச் போன பொலேரோ பிக்கப்பை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கலாமா?

கேள்வி:
2 வீல் டிரைவ் பொலேரோ பிக்கப், 5 கியர் மேனுவல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. திண்டுக்கல் பட்டறைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். குட்டியானையில் நைலான் கயிறு கட்டி, நியூட்ரலில் போட்டு இழுத்தால் போதுமா? பின்னால் தக்காளிப் பெட்டிகள் இருக்கின்றன.

பதில் 1:
முதலில் தக்காளியை இறக்குங்க. குட்டியானை வேண்டாம். அது ஒரு டன்னுக்கும் குறைவு, உங்க வண்டி காலியாகவே அதைவிட நல்ல கனம். இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளிவிடும். இன்னொரு பிக்கப்போ டாடா 407 லாரியோ பாருங்க.

பதில் 2:
நியூட்ரல் மட்டும் போதாது அண்ணே. பின்சக்கரம் சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் நீளத் தண்டு) வழியாக கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சுற்றும். ஆனால் ஆயிலை வாரி அடிக்கும் கீழ் ஷாஃப்ட் இன்ஜின் பக்கத்தோடு சேர்ந்தது, அது சும்மா நிற்கும். மேலே பேரிங் காய்ந்தே ஓடும். பக்கத்துத் தெருவுக்குப் பரவாயில்லை, முப்பது கிலோமீட்டருக்குக் கூடாது.

உங்களுக்கு இன்ஜின் ஓடுவது பெரிய வசதி. நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, கிளட்ச் பெடலைத் தொடாமல் வாங்க. தேய்ந்த பிளேட்டாக இருந்தாலும் லோடு இல்லாதபோது கீழ் ஷாஃப்டைச் சுற்றிவிடும். பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கமும் கிடைக்கும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் வேலை செய்யும். இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். கிளட்ச் ஹவுசிங்கில் கடகட சத்தம் வந்தால் மட்டும் ஓடவிடாதீங்க, பிளேட் உடைந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சத்தம் வருகிறது. லேசாக.

பதில் 2:
அப்போ புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுங்க. அதற்கு முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. ஷாஃப்ட் போனபின் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. போல்ட் போட்டு இணையும் இரண்டு ஃபிளாஞ்சிலும் (தட்டு) பெயின்ட் கோடு போட்டுக் கழற்றுங்க, மாற்றி மாட்டினால் அதிரும். சென்டர் பேரிங் உள்ள ஷாஃப்ட் என்றால் முழுசா இறக்குங்க, கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் ரோட்டில் விழும். கியர்பாக்ஸ் பின்வாயிலிருந்து ஆயில் ஒழுகினால் பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்க.

பதில் 3:
இன்ஜின் ஓடாமல் பிரேக் கல்லாக இருக்கும்போது கயிறு ஆபத்து. இரும்பு டோ பார்தான். பம்பரில் கட்டாதீங்க, பிய்த்துக்கொண்டு வரும். சேஸிஸ் ஹூக்கில் 3.25 டன் எழுதிய டி ஷேக்கிள் (டி வடிவ இரும்பு வளையம்), பாருக்குத் துணையாகக் குறுக்கே ஒரு சங்கிலி.

பின்வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்காரணும். சாவி ஆனில் இருக்கணும், எடுத்தால் ஸ்டீயரிங் லாக் விழும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் 25க்குள். பின்னால் வெள்ளைப் பலகையில் கறுப்பில் 'ஆன் டோ' என்று 75 மில்லிமீட்டர் உயர எழுத்து வேணும். ஹசார்டு லைட் மட்டும் போட்டு ஓட்டினால் பேட்டரியும் இறங்கும், பிடிபட்டால் பேச்சும் வாங்கணும்.

பதில் 1:
பத்து கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி பின் டிரம்மைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு என்றால் ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டே வருது.

கேள்வி கேட்டவர்:
ஷாஃப்ட் இறக்கியாச்சு, ஆயில் ஒழுகவில்லை. டோ பாரோடு ஒரு 407 சாயங்காலம் வருது. தக்காளி குட்டியானையில் போகுது.