கோல்ஃபில் கனமான பயிற்சி கிளப் (பந்தடிக்கும் கழி) சுற்ற ஆரம்பிச்ச பிறகு 7-அயர்ன் (இரும்புத் தலைக் கழி) தரையில் இடிக்குது, டிரைவரில் (நெடுந்தூரக் கழி) அடிச்ச பந்து வலது பக்கம் வளையுது. எங்கே தப்பு?

கேள்வி (மூணாறு)

வணக்கம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதில் இருந்து மைதானம் நனைஞ்சே கிடக்கு. அதனால வீட்டுத் திண்ணையில் கனமான கிளப் சுற்றிப் பழகுறேன். கடையில் வாங்கலை, நானே செய்தது. விவரம்:

பழைய 5-அயர்ன், ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு). கிரிப்பை (கைப்பிடி உறையை) கழட்டி ஷாஃப்டுக்குள்ளே ஆற்று மணல் பாதிக்கு மேல போட்டிருக்கேன். கழுத்துப் பக்கம், தலைக்குச் சற்று மேலே, தூண்டில் ஈயக்குண்டு 700 கிராம் வச்சு டேப் சுற்றியிருக்கேன். தராசில் மொத்தம் 1 கிலோ 200 கிராம். தினமும் 100 ஸ்விங் (வீச்சு), முழு வேகம். ஆறு வாரம் ஆச்சு. வலது கை ஆட்டம்.

மழை விட்ட நாளில் பந்து அடிச்சுப் பார்த்தால்: 7-அயர்ன் பந்துக்கு நாலு விரல் பின்னாடியே மண்ணைப் பெயர்க்குது. டிரைவர் நேரா கிளம்பி வலது பக்கம் பெரிய வளைவா வளையுது. கிளப் கையில் துரும்பு மாதிரி லேசா இருக்கு, ஆனா தூரம் கூடலை. இடது முழங்கைக்கு வெளிப்பக்கம் வலியும் இருக்கு. கனத்தை இன்னும் கூட்டணுமா, இல்லை முறை தப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

பதில் 1 (வாளையார்)

தம்பி, கனத்தைக் கூட்டவே கூட்டாதீங்க. முதல் வேலையா அந்த ஈயத்தைக் கழட்டுங்க. நீங்க எழுதிய நாலு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்: கனம் அளவு மீறியிருக்கு, அதுவும் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கு.

கடையில் கிடைக்கும் பயிற்சி கிளப்பிலும் ஒரு கிலோ தொடுபவை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவற்றில் கனத்தை ஷாஃப்ட் நெடுகப் பரப்பியிருப்பார்கள், அல்லது ஆரஞ்சு விப் என்ற பயிற்சி கிளப் மாதிரி கைப்பிடி முனையில் எதிர் எடை வைத்திருப்பார்கள். சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதைவிட அது கையில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். தூரம் இரண்டு மடங்கானால் சுழற்றுவதற்கு எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். நீங்கள் 700 கிராமைக் கையில் இருந்து சுமார் 85 செ.மீ. தள்ளிக் கட்டியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால், சாதாரண 5-அயர்னைச் சுழற்றத் தேவைப்படும் விசையைப் போல மூன்று மடங்குக்கு மேல் உங்கள் மணிக்கட்டு தாங்க வேண்டியிருக்கிறது.

அதன் விளைவைப் பாருங்கள். பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் மேலே தூக்குவது) உச்சியில் இடது கைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு மடிப்பு இருக்கிறது அல்லவா, அந்த மடிப்பை இடுப்பு திரும்பும் வரை காப்பாற்றிக் கீழே கொண்டுவருவதுதான் நல்ல டவுன்ஸ்விங். கனம் மிஞ்சினால் மணிக்கட்டால் அதைப் பிடித்து வைக்க முடியாது. தூண்டில் வீசுவது போல உச்சியிலேயே அவிழ்ந்துவிடும். உடம்பும் வலது காலிலேயே தங்கிவிடும். கிளப் தரையைத் தொடும் இடம் பந்துக்குப் பின்னால் போகிறது. அதுதான் 7-அயர்ன் மண்ணைப் பெயர்ப்பது.

டிரைவர் கதையும் இதன் தொடர்ச்சிதான். கனத்தை நகர்த்தத் தோள் முந்திக்கொள்கிறது, கிளப் வெளியில் இருந்து உள்ளே வெட்டுகிறது. பலமெல்லாம் இழுப்பதிலேயே செலவாவதால் முன்கை உருளாமல், கிளப் முகம் திறந்தபடியே பந்தைச் சந்திக்கிறது.

துரும்பு போல லேசாகத் தெரிவதை நம்ப வேண்டாம். கனமானதைச் சுற்றிவிட்டு சாதாரணமானதை எடுத்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். தோன்றுவது வேகம் இல்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். சாதாரண டிரைவரைத் தலைகீழாகப் பிடியுங்கள், தலைக்குப் பக்கத்தில் கை. பந்து இல்லாமல் சுற்றுங்கள். ‘விஷ்’ என்ற சத்தம் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். பந்து இருக்கும் இடத்திலோ அதைத் தாண்டியோ கேட்டால் நல்லது. வலது காதுப் பக்கம் கேட்டால் மடிப்பு முன்னாடியே அவிழ்கிறது என்று அர்த்தம். அதோடு கைபேசியில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம் பிடித்து, கிளப் நகரத் தொடங்கியதில் இருந்து உச்சி வரை எத்தனை பிரேம், உச்சியில் இருந்து பந்து வரை எத்தனை பிரேம் என்று எண்ணி எழுதுங்கள்.

பதில் 2 (புளியரை)

கிளப் செய்த முறையிலும் கோளாறு இருக்கு. இரண்டு விஷயம்.

முதல்ல மணல். பாதி மட்டும் நிரப்பினால் உச்சியில் மணல் கைப்பக்கம் சரியும், இறங்கத் தொடங்கியதும் தலைப்பக்கம் ஓடும். டவுன்ஸ்விங் தொடங்குற அந்த நுட்பமான நேரத்திலேயே எடை இடம் மாறுது. ஆட்டினால் ‘சலசல’ன்னு சத்தம் கேட்டால் இதுதான். மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, ஷாஃப்டைத் தட்டித் தட்டி விளிம்பு வரை நிரப்பி, மரத்தக்கை அடிச்சு மூடுங்க. முழு ஷாஃப்டுக்கு 100 முதல் 130 கிராம் வரை பிடிக்கும். ஈர மணல் போட்டால் உள்ளேயே துரு ஏறும், மூணாறு ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

ரெண்டாவது ரொம்ப முக்கியம், தயவுசெய்து அலட்சியம் பண்ணாதீங்க. டேப் மட்டும் சுற்றிய 700 கிராம், மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சுழலும்போது சுமார் 20 கிலோ எடை தொங்குற மாதிரி வெளியே இழுக்கும். டேப் நழுவினால் ஈயம் பறக்கும். பழைய அயர்னில் தலையைப் பிடிச்சிருக்கிற பசை காய்ஞ்சிருந்தால் தலையே கழண்டு போகும். திண்ணைக்கு எதிரே குழந்தைகள் விளையாடுற வீடு என்றால் நினைச்சுப் பாருங்க.

மாற்று வழி: டயர் கடையில் சக்கரம் பேலன்ஸ் பண்ண ஒட்டுவாங்களே, 5 கிராம், 10 கிராம் துண்டா வரும் ஒட்டு எடை, அதை 150 கிராம் வாங்குங்க. இரும்பில் கிடைச்சால் இரும்பே நல்லது. ஈயத்தை வெறும் கையால் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவணும். ஷாஃப்டின் நடுப்பகுதியில், கையில் இருந்து 40–50 செ.மீ. தள்ளி, சுற்றிலும் சமமா ஒட்டி, மேலே சைக்கிள் ட்யூப் பட்டையை இழுத்துச் சுற்றி, அதுக்கு மேல டேப். கிளப் 410, மணல் 110, ஒட்டு எடை 150. மொத்தம் 670 கிராம் வரும். சுழற்றும் எதிர்ப்பு சாதாரண கிளப்பைவிடக் கால் பங்குதான் கூடும். பழக அது தாராளம்.

கூரை தாழ்வா இருந்தால் ஷாஃப்டைக் கைப்பக்கம் 20–25 செ.மீ. அறுத்துக்கலாம், மணல் நிரப்பும் முன்னாடியே. ஸ்டீலை மட்டும் அறுங்க. கார்பன் ஷாஃப்டில் கை வைக்க வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கிரிப்பை மறுபடி போட்ட பிறகு மலை ஈரத்தில் ரெண்டு நாள் காய விடுங்க. அவசரப்பட்டால் கைக்குள்ளே கிரிப் திருகும்.

கேட்டவர் (மூணாறு)

ரொம்ப நன்றிண்ணே. ஈயத்தைக் கழட்டிட்டேன், சத்தமும் ‘சலசல’தான். தலைகீழ் சோதனையில் ‘விஷ்’ வலது தோள் பக்கமே கேக்குது. சாதாரண 7-அயர்னில் படம்: உச்சி வரை 190 பிரேம், உச்சியில் இருந்து பந்து வரை 98. இது சரியா? வலிக்கு என்ன செய்யலாம்?

பதில் 3 (குமுளி)

முழங்கைக்கு வெளிப்பக்கம் வலி என்றால், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் எலும்பில் ஒட்டும் இடம் நைந்திருக்க வாய்ப்பு அதிகம். வலது கை ஆட்டக்காரருக்கு இடது கையில் வெளிப்பக்கமும், வலது கையில் உள்பக்கமும் இப்படி வரும். கனமான கிளப்பை நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடிப்பதும், இடைவெளி விடாமல் தினமும் 100 முறை சுற்றுவதும் இதற்குப் போதுமான காரணம்.

வலி முழுக்க அடங்கும் வரை கனமான கிளப் கூடாது. அரைக்கிலோ எடை ஒன்றைக் கையில் பிடித்து, முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை மெதுவாக இறக்குங்கள்: இறக்க 4 நொடி. ஏற்றும்போது மற்றக் கையால் தூக்கிக்கொடுங்கள். 10 முறை வீதம் 3 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். விரல் மரத்தாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, டம்ளர் தூக்கவே வலித்தாலோ நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்துச் சமாளித்துக்கொண்டே சுற்றுவதுதான் இதை மாதக்கணக்கில் இழுக்க வைக்கிறது.

பதில் 4 (வாளையார்)

190க்கு 98, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. நல்ல ஆட்டக்காரர்களிடம் இது மூன்றுக்கு ஒன்று பக்கம் நிற்கும்: உச்சி வரை 216 என்றால் கீழே 72, கொஞ்சம் விறுவிறுப்பானவருக்கு 168க்கு 56. உங்கள் பேக்ஸ்விங் சரியாகவே இருக்கிறது, இறக்கம்தான் இழுக்கிறது. கனத்தை இழுத்து இறக்கிய பழக்கம் சாதாரண கிளப்பிலும் ஒட்டிக்கொண்டது.

வலி போன பிறகு, 670 கிராம் கிளப்போடு இப்படிச் செய்யுங்கள். வாரம் மூன்று நாள், ஒருநாள் இடைவெளி. முதலில் வெறுங்கையோடு இடுப்பையும் தோளையும் ஐந்து நிமிடம் திருப்பிச் சூடாக்குங்கள்.

அடுத்து இடுப்பு உயரத்தில் இருந்து இடுப்பு உயரம் வரை எட்டு அரை ஸ்விங். வேகம் பாதிதான். பிடி எப்படி இருக்க வேண்டும் என்றால், யாராவது கிளப்பை இழுத்தால் வந்துவிடாது, ஆனால் முன்கைத் தசை கல்லாகவும் இருக்காது.

அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்கு மருந்து, இதில் நேரம் செலவழியுங்கள். இரண்டு காலையும் சேர்த்து நில்லுங்கள். பேக்ஸ்விங் எடுங்கள். கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை ஓர் அடி இலக்குப் பக்கம் எடுத்து ஊன்றுங்கள். கால் ஊன்றிய பிறகுதான் கை இறங்க வேண்டும். கனம் இங்கே நமக்கு ஆசிரியர்: கால் முந்தினால் கிளப் தானாகவே பின்தங்கி மடிப்பு காப்பாற்றப்படும், கை முந்தினால் கனம் உங்களைத் தள்ளாட வைத்து உடனே காட்டிக்கொடுக்கும். பத்து முறை. முடிவில் இடது காலில் மூன்று நொடி அசையாமல் நிற்க முடியவில்லை என்றால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு உச்சியில் இரண்டு நொடி நிறுத்தி இறங்கும் ஸ்விங் ஐந்து. கடைசியாக இடது கை ஆட்டக்காரர் போல எதிர்ப்பக்கம் ஐந்து. முதுகு ஒரே பக்கம் முறுகாமல் இருக்க இது வேண்டும்.

மொத்தம் முப்பதுக்குள் முடிந்துவிடும். முடித்ததும் கனமான கிளப்பை வைத்துவிட்டு, சாதாரண 7-அயர்னில் பத்து ஸ்விங். இதை விட்டுவிடாதீர்கள், உடம்பு கடைசியாக நினைவில் வைத்துக்கொள்வது உண்மையான கிளப்பின் எடையாக இருக்கட்டும். பந்து அடிக்கும் நாளில், பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போட்டு, துண்டைத் தொடாமல் அடியுங்கள்.

கனமான கிளப்பால் பந்தையோ டயரையோ அடிக்காதீர்கள். அந்த அதிர்ச்சி முழுக்க முழங்கைக்கே போகும்.

பதில் 5 (சித்தூர், பாலக்காடு)

மேலே சொன்னது ஒழுங்குக்குச் சரி. தூரம் வேண்டும் என்றால் அதற்கு வழி வேறு. வேகத்துக்குக் கனத்தைவிட லேசான கிளப்தான் அதிகம் வேலை செய்கிறது. சூப்பர்ஸ்பீடு என்ற வேகப் பயிற்சிக் கழித் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று கழியில் ஒன்று டிரைவரைவிட 20 சதவீதம் லேசு, ஒன்று 10 சதவீதம் லேசு, ஒன்றுதான் 5 சதவீதம் கனம். 310 கிராம் டிரைவருக்கு அந்தக் கனமான கழி 325 கிராம் பக்கம். இவர் சுற்றியதோ 1,200. கனத்தில் மெதுவாக ஒழுங்கு, லேசில் முழு வேகம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் வரும். டிரைவரைத் தலைகீழாகப் பிடிப்பதே காசில்லாத லேசான கழி.

பதில் 6 (வாளையார்)

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவருக்கு இப்போதே முழு வேகம் வேண்டாம். பிரேம் கணக்கு (ஏற்றத்தை இறக்கத்தால் வகுத்தது) 2.7க்கு மேல் வந்து, வலியும் இல்லாமல் இரண்டு வாரம் போகட்டும்.

கேட்டவர் (மூணாறு)

புரிஞ்சதுண்ணே. கடைசியா ஒண்ணு: மழை முடிஞ்சு கிளப் போட்டி வரும்போது, முதல் டீயில் (ஆட்டத்தில் முதல் பந்து அடிக்கிற இடம்) நின்னு இந்தக் கனமான கிளப்பால் ரெண்டு தடவை சுற்றிக்கலாமா? ஷாஃப்டில் மாட்டுற வளைய எடை?

பதில் 7 (புளியரை)

உங்க ஆட்டச் சுற்று தொடங்கும் முன்னாடி தாராளமா சுற்றலாம். முதல் அடி அடிச்ச பிறகு ரெண்டுமே கூடாது. கோல்ஃப் விதி 4.3: சுற்று நடக்கும்போது பயிற்சிக் கருவியால் ஒத்திகை ஸ்விங் போட்டால், அடிக்கணக்கு ஆட்டத்தில் 2 அடி தண்டம். மறுபடி செய்தால் போட்டியில் இருந்தே நீக்கம். வளையமும், எடை வச்ச கிளப் உறையும் இதில் சேரும். அதனால முதல் டீக்குப் போகும்போது அதை வண்டியிலேயே வச்சுட்டுப் போங்க. கிளப் பை தூக்குற பையன் கிட்டயும் சொல்லி வைங்க, பையில் தெரியாமல் சேர்த்து எடுத்து வந்துடப் போறான்.