கண்டிப்பான வீட்டில் விட்டால் பிள்ளை திருந்துமா?

கரிசல்காட்டான்:
நேற்று மலைக்கோட்டை மணி வேறொரு இழையில் எழுதியது: “அடங்காத பிள்ளையைக் கண்டிப்பான குடும்பத்தில் கொஞ்ச நாள் விட்டால் போதும், தானாக வழிக்கு வரும். பிபிசி நிகழ்ச்சியே சாட்சி.” படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. அவர் சொல்வது 2008-ல் பிபிசி த்ரீயில் தொடங்கிய ரியாலிட்டி நிகழ்ச்சி. குடி, சிகரெட், பெற்றவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவது என்று திரியும் பிரிட்டிஷ் பிள்ளைகள் இரண்டு பேரை வெளிநாட்டில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே சிகரெட்டைப் பிடுங்கி, வீட்டு வேலை செய்யச் சொல்வார்கள். பிள்ளை கத்தும், கதவைச் சாத்தும். அழுவது எப்போது? சொந்த அப்பா அம்மா எழுதிய கடிதம் கைக்கு வரும்போது. கண்டிப்பு இல்லை ஐயா, கடிதம்!

மலைக்கோட்டை மணி:
வந்துட்டாரு நம்ம ஆராய்ச்சியாளர். அதே கடிதத்தை லண்டனில் கொடுத்திருந்தால் கிழித்துப் போட்டிருக்கும். நாலு நாள் வீடு பெருக்கி, சொன்ன நேரத்துக்குப் படுத்து எழுந்த பிறகுதான் மண்டையில் ஏறுகிறது. என் மச்சான் பையன் பிளஸ் டூ பெயில், சகவாசமும் சரியில்லை. என் வீட்டில் ஒரு வருஷம் இருந்தான். இன்றைக்கு ஓசூரில் நல்ல வேலை. எந்தக் கடிதமும் வரவில்லை.

வாசுகி:
கண்டிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? அடியா, இல்லை நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், படிப்பா? அதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

கரிசல்காட்டான்:
மணி, அந்தப் பையனிடம் ஒரு வருஷமாக அவன் அம்மா பேசவே இல்லையா? போன் பண்ணியிருப்பார் அல்லவா? அதுதான் கடிதம். கேமரா போன பிறகு அந்தப் பிள்ளைகள் திரும்புவது அதே வீட்டுக்கு, அதே கூட்டாளிகளிடம். அதைப் பற்றிப் பேச்சே காணோம்.

ஸ்கார்பரோ சிவா:
டிவியை விடுங்கள். அமெரிக்காவில் ஓரிகனில் 1983-ல் இதை முறையாகவே தொடங்கினார்கள். குற்றத்தில் சிக்கிய பிள்ளையைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பத்தில் விடுவார்கள், பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை. நேரத்துக்கு எழுந்தால், பள்ளிக்குப் போனால் புள்ளி. தவறினால் புள்ளி கழியும், சலுகை போகும். கத்தல் கிடையாது. ஆறு முதல் ஒன்பது மாதம். விடுதியில் ஒன்றாக வைத்த பையன்களைவிட இந்தப் பையன்கள் மறுபடி குற்றத்தில் சிக்கியது குறைவு என்று 1998-ல் ஆய்வும் வந்தது. அதே மாதங்களில் பெற்றோருக்கும் பயிற்சி உண்டு.

மலைக்கோட்டை மணி:
பார்த்தீர்களா! வெள்ளைக்காரனே புள்ளி போட்டுக் கண்டிக்கிறான்.

கரிசல்காட்டான்:
கடைசி வரியைப் படித்தீர்களா? பெற்றோருக்கும் பயிற்சி. பிள்ளை திரும்பிப் போகும் வீட்டையும் சேர்த்து மாற்றுகிறார்கள். நான் கடிதம் கடிதம் என்று கத்துவது இதைத்தான். உங்கள் மச்சானுக்கு யார் பயிற்சி கொடுத்தது?

மலைக்கோட்டை மணி:
மச்சானை இழுக்க வேண்டாம். போன வருஷம் ஹாஸ்டல் பள்ளி இழையில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். “ஹாஸ்டல்தான் பிள்ளையை மனிதனாக்கும்.” அங்கே எந்தக் கடிதம் வந்தது?

கரிசல்காட்டான்:
பாதி வரியை வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் புதிதில்லை. “நல்ல வார்டன் இருந்தால்” என்று தொடங்கும் அது.

வாசுகி:
இரண்டு பேரும் இன்னும் கண்டிப்பு என்றால் என்ன என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் 2020-லேயே பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றமாகிவிட்டது. மணி வீட்டில் அடி உண்டா, இல்லையா?

மலைக்கோட்டை மணி:
இது விசாரணைக் கமிஷனா?

ஸ்கார்பரோ சிவா:
நான் போட்ட ஓரிகன் விஷயத்தை முழுசாகப் படித்தவர் ஒருவராவது உண்டா?

கரிசல்காட்டான்:
நான் படித்தேன் சிவா. பெற்றோர் பயிற்சி, அதாவது கடிதம். மணி, பதில் வரவில்லை. ஒரு வருஷத்தில் அந்தப் பையனுக்கு அம்மாவிடமிருந்து எத்தனை போன்?

மலைக்கோட்டை மணி:
ஹாஸ்டல் இழையின் முழுப் பதிவையும் எடுத்துக்கொண்டு ராத்திரி வருகிறேன். அதற்குள் அழித்துவிடாதீர்கள்.