பாப்பாவுக்கு வெள்ளைச் சேலை வேண்டாம்

குழு: அப்புச்சி வீடு (பிழையின்றி எழுதவும்)

புதன்கிழமை

நான் (மாலை 6:40): பாப்பாவின் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. தலைப்பு "எங்கள் ஊர்ப் பெருமை". வேடம் போட்டு மூன்று நிமிடம் பேசவும் வேண்டும். திருப்பூர் என்றால் பனியனை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் கொடுமுடியை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

கரூர் மாமா: காளிங்கராயன். வாய்க்கால் வெட்டியவர். ஒரு மீசை போதும், வேலை முடிந்தது.

அத்தை: மீசையா? போன வருடம் நம் பையனுக்கு நீங்கள் பசை போட்டு ஒட்டிய மீசை மறந்துவிட்டதா? மேல் உதடு வீங்கி நான்கு நாள் கஞ்சி குடித்தான்.

அம்மா: ஔவையார் படத்தில் நடித்த நம் கொடுமுடிப் பாடகி கே.பி.சுந்தராம்பாள் இருக்கும்போது வேறு யாரைத் தேடுகிறாய்? ஔவையார் வேடம் போட்டுவிடு. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு கோல். முடிக்கு மட்டும் பஞ்சு ஒட்டினால் சரி.

நான்: எனக்கும் அதுதான் தோன்றியது. சேலைக்குப் பதில் அவருடைய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிவிடலாம்.

அம்மாயி: (குரல் செய்தி, 0:52)

நான்: பெரியம்மா, நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள், அம்மாயி சொன்னதை எழுதிவிடுகிறேன். "பச்சைக் குழந்தைக்கு வெள்ளைச் சேலை கட்டிப் பார்க்க எனக்கு மனசு இல்லை கண்ணு. ஔவையார் சாமி மாதிரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா கட்டியது தாலி இழந்த வெள்ளை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டாம்." அதற்குப் பிறகு பால்காரரிடம் ஏதோ சொல்கிறார்.

அம்மா: அம்மா, பள்ளிக்கூட நாடகத்துக்குச் சகுனம் பார்ப்பார்களா?

கரூர் மாமா: பலமுறை பகிரப்பட்டது: கொடுமுடி தந்த குயில்! உலகிலேயே முதன்முதலில் ஒருலட்சம் ரூபாய் சம்பளம் வாங்கிய நடிகை கே.பி.சுந்தரம்பாள்!! தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்!!!

அப்புச்சி: சுந்தராம்பாள். காலை விட்டுவிட்டால் பெயர் நொண்டும். "ஒருலட்சம்" அல்ல, "ஒரு லட்சம்". உலகத்தை எல்லாம் இழுக்க வேண்டாம், இந்திய நடிகைகளில் முதலில் அந்தத் தொகையை வாங்கியவர் என்பார்கள். படம் "நந்தனார்", 1935.

கரூர் மாமா: சரிங்கள் ஐயா.

அப்புச்சி: "சரிங்கள்" என்று ஒரு சொல் தமிழில் கிடையாது மாப்பிள்ளை.

அண்ணன் (பெங்களூரு): இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் நான் வாட்ஸ்அப்புக்கே பயப்படுகிறேன்.

பெரியம்மா (இரவு 8:55): வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றையும் படித்தேன். அம்மா, உங்கள் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன்.

பெரியம்மா எழுதுகிறார் என்று பத்து நிமிடமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அம்மா என்னைத் தனியாக அழைத்து, "அக்கா கோபமாக இருக்கிறாளா?" என்று கேட்டார்.

பெரியம்மா: கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுந்தராம்பாளின் கணவர் கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு 27 வயது. இந்த அம்மா பிறந்தது 1908, அப்படியென்றால் 25 வயது. எங்கள் வங்கியில் அந்த வயதில்தான் பிள்ளைகள் வேலைக்கே சேருவார்கள். அன்று வெள்ளை கட்டியவர் 1980இல் கண் மூடும் வரைக்கும் மாற்றவில்லை. 47 வருடம்.

இனி படங்களைப் பாருங்கள். நந்தனார், ஆண் வேடம். 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஔவையார், கிழவி. அப்போது அவருக்கு வயது 45 மட்டுமே. 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973இல் காரைக்கால் அம்மையார், இளமையே வேண்டாம் என்று கேட்டு உதறிய அம்மை. அந்தக் குரலைக் கேட்டால் வயதே தெரியாது, முகத்துக்கு மட்டும் ஆணாக, கிழவியாக, துறவியாக வேடம். நாம் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். இப்போது நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பஞ்சு ஒட்டி மறுபடியும் கிழவி ஆக்கப் பார்க்கிறோம். சகுனத்துக்காக இல்லை, எனக்கும் வெள்ளைச் சேலை வேண்டாம்.

அம்மா: அக்கா...

அம்மாயி: (குரல் செய்தி, 0:09)

(அதில் பேச்சு இல்லை. மூச்சும், பின்னால் மின்விசிறிச் சத்தமும்.)

அப்புச்சி: எழுத்து சரியாக இருக்கிறது. கருத்தில் ஒரு மாறுபாடு சொல்லலாமா மகளே?

பெரியம்மா: சொல்லுங்கள் அப்பா.

அப்புச்சி: அந்த அம்மாவை யாரும் மூலையில் உட்கார வைக்கவில்லை. அவர் உட்காரவும் இல்லை. ஆண் நடிகருடன் சோடி சேர மாட்டேன் என்பது அவரே வைத்துக்கொண்ட விரதம். படத்தில் நடிக்க விருப்பம் இல்லாமல், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்றுதான் லட்சம் கேட்டார். அவர்கள் ஓடவில்லை. அப்படியும் நந்தனாராக நடிப்பேன் என்று ஆண் வேடத்தில் வந்தார். எதிரில் வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர், சங்கீதத்தில் மலை. அவருக்குச் சமமாக நின்று பாடினார். இரக்கப்பட வேண்டிய ஆள் அல்ல.

பெரியம்மா: இரக்கப்படவில்லை அப்பா. விரதமா வழக்கமா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வங்கிக்குப் போன முதல் நாள், உங்களுக்கு நினைவு இருக்கும்.

அப்புச்சி: நினைவு இருக்கிறது. நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

அண்ணன் (பெங்களூரு): அம்மா, அப்புச்சி, நடுவில் வருகிறேன். கிட்டப்பா செங்கோட்டைக்காரர், ஏற்கெனவே மணமானவர், அது தெரிந்தே 1927இல் இருவரும் இணைந்தார்கள். பிறகு மனக்கசப்பு. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. படித்தால் சாமியார் எழுதியதாகத் தோன்றாது. கோபம், கேள்வி, கெஞ்சல், கணக்கு எல்லாம் இருக்கும். ஔவையார் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது.

அத்தை: கடிதமா? நாங்களும் அந்தக் காலத்தில் எழுதினோம். பதில்தான் வரவில்லை.

கரூர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அப்புச்சி: பேச்சு ஔவையாருக்கு வந்ததால் சொல்கிறேன். படம் வந்தபோது எனக்கு 12 வயது. வண்டி கட்டிக்கொண்டு கீற்றுக் கொட்டகைக்குப் போனோம், தரை டிக்கெட். மணலைக் குவித்து உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் தலையில் தட்டுவார். அந்த அம்மா திரையில் வந்ததும் எங்கள் முன் வரிசைப் பாட்டி ஒருவர் முந்தானையிலிருந்து சூடத்தை எடுத்து மணலிலேயே ஏற்றிவிட்டார். கொட்டகைக்காரர் அலறியடித்து ஓடி வந்து மிதித்து அணைத்தார். கீற்றுக் கொட்டகையில் சூடம்! அந்தப் பாட்டி கவலையே படவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்: அப்புச்சி, இது மூன்று நிமிடத்துக்கு மேல் போகும்.

அண்ணன் (பெங்களூரு): மூன்று நிமிடம் என்றதும் நினைவு வருகிறது. பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். மேடையில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, ஒலிபெருக்கி இல்லாமல், விடிய விடிய, "இன்னொரு முறை" என்று கூட்டம் கத்தக் கத்தப் பாடியவர், அதே பாட்டை அந்தச் சின்னத் தட்டுக்குள் மடக்கி வைத்தார். பாப்பாவாலும் முடியும்.

அம்மா: முடியும், ஆனால் எந்த வேடம்? அது முடிவாகவில்லையே.

வியாழக்கிழமை

நான் (காலை 6:15): பாப்பா எழுந்ததும் கேட்டாள்: "அந்தப் பாட்டி என்னை மாதிரிச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன செய்தார்?"

பெரியம்மா: அடி என் தங்கமே.

அப்புச்சி: ரயிலில் பாடினார். அப்பா இல்லை, தாயார் பாலாம்பாள், வீட்டில் வறுமை. கொடுமுடியில் ஏறிக் கரூர்ப் பக்கம் போகிற வண்டியில் பாடுவார், கேட்பவர்கள் காசு கொடுப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். வேலு நாயர் கம்பெனி. முதலில் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் மூத்த பிள்ளை வேடம், பசி தாங்காமல் தாயிடம் அழுது பாடும் பிள்ளை.

பெரியம்மா: பசிக்கிறது என்று பாட அந்தப் பிள்ளைக்கு யாரும் நடிப்புச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கரூர் மாமா: ரயில் கரூருக்குத்தானே போனது? அப்படியென்றால் கரூருக்கும் பெருமையில் பங்கு உண்டு.

அப்புச்சி: காசு கொடுத்த அளவுக்குப் பங்கு உண்டு மாப்பிள்ளை.

நான்: அப்படியானால் பாவாடை சட்டை, இரட்டைச் சடை, கையில் ஒரு தகர டப்பா. செலவே இல்லை. எல்லோருக்கும் சம்மதமா?

அம்மாயி: (குரல் செய்தி, 0:06)

நான்: "சம்மதம் சாமி. தலைக்குக் கனகாம்பரம் வைத்துவிடு."

அண்ணன் (பெங்களூரு): பேச்சில் இதையும் சேர்க்கலாம். 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது இவருக்குத்தான், "துணைவன்" படத்துக்காக. பாடகிகளுக்கு அந்த விருது கொடுக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு அது. அடுத்த வருடம் பத்மஸ்ரீ. படம் எடுத்தவர் கோவை இராமநாதபுரத்துச் சின்னப்பா தேவர், அவரும் நம் பக்கம். அதே விருதை 2022இல் அறிவித்தபோது யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. அங்கே இருக்கும் நஞ்சம்மாவுக்கு. இருளர் சமூகம், ஆடு மாடு மேய்த்தவர், தன் மொழிப் பாட்டை மலையாளப் படத்தில் பாடினார், அதிலேயே நடித்தும் இருக்கிறார். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அம்மா: ரயிலில் பாடியவரை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டிருந்தால் கொடுமுடிக்கு ஏது கோகிலம்?

பெரியம்மா: மேலவை உறுப்பினர் ஆனதை விட்டுவிடாதே. 1951. சத்தியமூர்த்தி காலத்திலிருந்து காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போனவர்களில் இவர்தான் முதல் ஆள் என்பார்கள். பிறகு சொந்த ஊரில் சொந்தமாகத் தியேட்டரும் கட்டினார். காசு விஷயத்தில் கெட்டி. ரயிலில் டப்பா ஏந்திய பிள்ளை, பிறகு டிக்கெட் கொடுத்து மற்றவரை உள்ளே விட்டது. நான் பாப்பாவாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

நான்: எல்லாம் சேர்த்தால் ஒன்பது நிமிடம் வருகிறது. மேலவை என்றால் என்ன என்று பாப்பா கேட்கிறாள். அதை எடுத்துவிட்டேன். மன்னிக்கவும் பெரியம்மா. பேச்சு ஒரு நிமிடம், மீதி நேரத்தில் பாட வேண்டும் என்கிறாள். என்ன பாட்டுச் சொல்லிக் கொடுப்பது?

அம்மாயி (பகல் 11:20): (குரல் செய்தி, 2:14)

அம்மா: அம்மா!

அத்தை: எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான்: பெரியம்மா, இதை எழுத முடியாது, நீங்களே கேளுங்கள். நல்லதங்காள் கதையில் பிள்ளை அழும் இடம். அம்மாயி இவ்வளவு நன்றாகப் பாடுவார் என்று எனக்கு 36 வயதில்தான் தெரிகிறது. நடுவில் மணிச் சத்தம் கேட்கும். அழுகைப் பாட்டை வீட்டுக்குள் பாடக் கூடாது என்று மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்று பாடியிருக்கிறார். ஒரு இடத்தில் பாட்டை நிறுத்தி, "போ அந்தப் பக்கம்" என்று கன்றுக்குட்டியை விரட்டுகிறார்.

அப்புச்சி: திருமணமாகி 61 வருடம். எனக்கும் இதுதான் முதல் முறை.

பெரியம்மா: நீங்கள் கேட்டீர்களா அப்பா? பாடச் சொல்லிக் கேட்டீர்களா என்கிறேன்.

அப்புச்சி பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் எழுதவில்லை. பிழை இல்லாததால் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை

கரூர் மாமா (பகல் 12:30): என்ன ஆயிற்று?

அத்தை: பொறுங்கள், பிள்ளை வீட்டுக்கு வர வேண்டாமா?

நான் (மாலை 4:25): வந்துவிட்டோம். முதல் பரிசு காந்திக்கு. இரண்டாம் பரிசு திருப்பூர் குமரனுக்கு, அந்தப் பையன் கொடியைக் கடைசி வரைக்கும் கீழே விடவில்லை, சரியான முடிவு. பாப்பாவுக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அம்மா: பாடினாளா?

நான்: பேச்சில் "1908" என்பதற்குப் பதில் "1980இல் பிறந்தார்" என்று சொல்லிவிட்டாள். நடுவர் சிரித்துவிட்டார். பாட்டில் தடுமாறவில்லை. பாடிக்கொண்டே டப்பாவை நீட்டியபடி முன் வரிசையைச் சுற்றி நடந்தாள், அது நான் சொல்லிக் கொடுக்காதது. அங்கே உட்கார்ந்திருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் வேடம் என்று புரியாமல் உண்மையாகவே காசு போட்டுவிட்டார்கள்.

அப்புச்சி: எவ்வளவு?

நான்: ஏழு ரூபாய், ஒரு ஆரஞ்சு மிட்டாய். திங்கட்கிழமை ஆசிரியையிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா: கொடுக்காதே. பாடிச் சம்பாதித்த காசு. அவளிடமே இருக்கட்டும்.

அம்மாயி: (குரல் செய்தி, 0:04)

நான்: "பாதி எனக்கு. பாட்டு என்னுடையது."

கரூர் மாமா: மிட்டாயில் பாதி எப்படிக் கொடுப்பது?

நான்: அது வரும் வழியிலேயே தீர்ந்துவிட்டது மாமா.