ஃப்ளூமில் (லேபில் தண்ணீர் ஓட்டும் சோதனை வாய்க்காலில்) கணக்குப்படி மணல் நகர வேண்டும், நகரவில்லை. தலைப்பில், அதாவது தண்ணீர் நுழையும் முனையில், மட்டும் குழி விழுகிறது. உதவி தேவை

கரைமேடு:
வணக்கம். எம்.இ. ப்ராஜெக்டுக்காகக் கல்லூரி லேபில் ஃப்ளூம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஃப்ளூம் 6 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், பக்கங்கள் கண்ணாடி, சரிவு 1000-க்கு 1. நடுவில் 4 மீட்டருக்கு 8 செ.மீ. கனத்தில் மணல். முன்னும் பின்னும் பிளைவுட் போட்டு மணல் மட்டத்துக்குச் சமம் செய்திருக்கிறேன். ஆற்று மணல்தான், 710 மைக்ரான் சல்லடையில் இறங்கி 500-இல் தங்கியது, சுமார் 0.6 மி.மீ. என்று எடுத்துக்கொண்டேன். பம்ப் வினாடிக்கு 6 லிட்டர், நீர் ஆழம் 10 செ.மீ.

ஹைட்ராலிக் ஆரம் (நீரின் குறுக்குப் பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்தது) 6 செ.மீ. வருகிறது. அதைச் சரிவோடும் ஒரு கன மீட்டர் நீரின் எடையோடும் பெருக்கினால் படுகையில் ஷியர் (தண்ணீர் மணலை இழுக்கும் அழுத்தம்) 0.59 பாஸ்கல். ஷீல்ட்ஸ் வரைபடப்படி இந்த மணல் கிளம்ப 0.29 போதும். இரண்டு மடங்கு இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் முட்டி போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தும் நடுப்பகுதியில் ஒரு மணல்மணிகூட அசையவில்லை. அதே சமயம் மணல் தொடங்கும் இடத்தில், முதல் 40 செ.மீ.க்குள், அடித்தகடு தெரியும் அளவுக்குக் குழி. கைடு மணலை மாற்றச் சொல்கிறார். மறுபடி சலிக்கத் தெம்பில்லை. எங்கே தப்பு?

வாய்க்கால்காரன்:
மணலைத் தொடாதே தம்பி. மூன்று விஷயம் சொல்லு: ஆழத்தை எங்கே அளந்தாய்? டெயில்கேட் (கீழ் முனைக் கதவு) எவ்வளவு ஏற்றியிருக்கிறது? தலைப்பில் ஹனிகோம்ப் (ஓட்டத்தை நேராக்கும் குழாய் அடுக்கு) இருக்கிறதா?

கரைமேடு:
ஆழம் நடுவில் பாயின்ட் கேஜ் (ஊசிமுனை அளவுகோல்) வைத்து அளந்தது. டெயில்கேட்டை ஏற்றித்தான் 10 செ.மீ. கொண்டுவந்தேன் அண்ணா, முந்தைய பேட்ச் அண்ணன் அப்படித்தான் செய்திருந்தார். ஹனிகோம்ப் துருப்பிடித்துக் கழற்றிவிட்டார்களாம். இப்போது இரண்டு முனையிலும் அளந்து பார்த்தேன்: மேல் முனையில் 9.85 செ.மீ., கீழ் முனையில் 10.18. சீரான ஓட்டம்தானே?

வாய்க்கால்காரன்:
அந்த 3.3 மி.மீ.யில்தான் உன் மூன்று வாரமும் போயிருக்கிறது.

4 மீட்டரில் படுகை 4 மி.மீ. இறங்குகிறது. ஆழமோ 3.3 மி.மீ. கூடுகிறது. அப்படியென்றால் நீர்மட்டம் மொத்தமே 0.7 மி.மீ.தான் இறங்குகிறது. கிட்டத்தட்டக் குளம் மாதிரி. டெயில்கேட்டை ஏற்றியதால் தண்ணீர் பின்னுக்குத் தேங்கி நிற்கிறது. மணலை இழுப்பது தண்ணீர் இழக்கும் ஆற்றலின் சரிவு; படுகையின் சரிவு அல்ல. ஓட்டம் உண்மையிலேயே சீராக இருந்தால் மட்டும்தான் இரண்டும் ஒன்று. நீ படுகைச் சரிவைப் போட்டுப் பெருக்கிவிட்டாய்.

நீர்மட்டச் சரிவைப் போட்டால் 0.1 பாஸ்கல் வருகிறது. இரண்டு முனையின் வேக வித்தியாசத்தையும் சேர்த்தால் 0.12. தேவை 0.29. மணல் நகராதது நியாயம்தான், உன் கணக்குத்தான் நகர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: டெயில்கேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் விட்டு, அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் ஆழம் எடு. எல்லா இடத்திலும் ஒரே ஆழம் வந்தால் நிறுத்து. மேனிங் எண் (படுகையின் சொரசொரப்பைக் குறிப்பது) 0.011 என்று வைத்தால் 6 லிட்டருக்கு 5.8 செ.மீ. பக்கம் நிற்கும். அப்போது ஷியர் 0.41. அகலம் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு ஆகிவிடுவதால் பக்கச்சுவர் தொல்லையும் குறையும். ஆனால் எடுத்த எடுப்பில் 6 லிட்டர் விடாதே. 2-இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்று. 3 லிட்டர் வாக்கில் மணல் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டெயில்கேட்டைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், அலுத்துக்கொள்ளாதே.

லேப்_பழசு:
குழிக்கு நான் சொல்கிறேன். பம்பிலிருந்து வரும் தண்ணீர் தொட்டியில் சுழன்றபடியே உள்ளே பாய்கிறது. நம்பாவிட்டால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்துத் தலைப்பில் மெல்ல விடு. நேர்க்கோடாகப் போகாமல் ஒரு பக்கச் சுவரில் போய் மோதும்.

முக்கால் அங்குல பிவிசி பைப்பை 20 செ.மீ. துண்டுகளாக அறுத்து அடுக்கிக் கட்டு, அதுதான் ஹனிகோம்ப். அதற்கு அப்புறம் ஒரு தெர்மோகோல் பலகையை மிதக்கவிட்டால் மேலே அலை அடங்கும். பிளைவுட் வழவழப்பாக இருப்பதும் ஒரு காரணம்: அதன்மேல் வேகமாக வந்த தண்ணீர் திடீரென்று மணலைச் சந்திக்கிறது. பிளைவுட்டில் ஃபெவிகால் பூசாதே, ஊறிவிடும். எபாக்சி பூசி அதே மணலைத் தூவு. மணலின் முதல் அரை மீட்டரில் முக்கால் அங்குல ஜல்லி பரப்பு.

இன்னொன்று: காய்ந்த மணல்மேல் பம்பைப் போட்டால் முதல் அலையிலேயே படுகை நாசம். டெயில்கேட்டை ஏற்றி, கீழ் முனையிலிருந்து ஹோஸ் வைத்து மெதுவாக நிரப்பு. ராத்திரி ஊறவிட்டால் காற்றுக் குமிழ்களும் போய்விடும்.

துகள்:
"மணல் கிளம்பியது" என்று எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். அங்கொன்று இங்கொன்றாக உருள்வதா, படுகை முழுக்க நகர்வதா? 1935-இல் கிராமர் என்ற ஆய்வாளர் இதையே பலவீனம், நடுத்தரம், பொது என்று பிரித்தார். அடுத்த ஆண்டு பெர்லினில், நீங்கள் பார்த்த வரைபடத்தின் ஷீல்ட்ஸ் ஆய்வேட்டை முடித்தார். இன்றுவரை இரண்டு பேர் ஒரே ஃப்ளூமைப் பார்த்தால் இரண்டு எண் சொல்வார்கள். போனை மேலே கட்டி, 10 செ.மீ. சதுரத்தில் நிமிடத்துக்கு எத்தனை மணல்மணி நகர்கிறது என்று எண்ணுவது உத்தமம்.

கரைமேடு:
எட்டு நாள் கழித்து வருகிறேன். 6 லிட்டரில் ஆழம் 5.9-இல் நின்றது, மணல் தாறுமாறாக ஓடியது! 40 நிமிடத்தில் படுகை முழுக்க வரிவரியாகச் சிற்றலைகள். புதிதாகச் சமன் செய்து 2 லிட்டரிலிருந்து ஏற்றினேன், 3.2-இல் எண்ணும்படி நகரத் தொடங்கியது. குழியும் இல்லை.

ஆனால் நீண்ட ஓட்டத்தில் ஜல்லிக்கு அடுத்துப் படுகை மெல்ல இறங்குகிறது. இதுவும் தலைப்புக் கோளாறா?

வாய்க்கால்காரன்:
இல்லை. மேலிருந்து மணல் வரவில்லை, கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அணைக்குக் கீழே ஆறு பள்ளமாவது இதனால்தான். கீழ் முனைப் பொறியில் (மணல் சேரும் குழியில்) பத்து நிமிடத்துக்கு விழும் மணலைக் காயவைத்து எடை போடு, அதே எடையை அதே நேரத்தில் மேலே சீராகத் தூவு. கையால் போதும், கோலமாவு தூவுகிற மாதிரி.

சிற்றலை வந்தபின் எடுத்த அளவுகளைக் கிளம்பும் புள்ளிக்குச் சேர்க்காதே. அப்போது ஷியரில் ஒரு பங்கு அலைகளின் வடிவத்தைத் தள்ளவே செலவாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பலகையால் இழுத்துச் சமன் செய்.

கரைமேடு:
சரி அண்ணா. இன்று மூன்று கிலோ மணல் அடுப்பில் காய்கிறது. மெஸ்காரர் என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போகிறார்.