1968 கென்னடி அரை டொலர்: இது டீப் கமியோ தானா?

கேள்வி (வெள்ளவத்தை):
சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 1968 ப்ரூஃப் (சேகரிப்பாளருக்காகக் கண்ணாடி போன்ற தளத்தோடு அடித்தது) அரை டொலர் ஒன்றை டீப் கமியோ, அதாவது கண்ணாடித் தளத்தின் மேல் உருவமும் எழுத்தும் ஆழ்ந்த வெள்ளையாக நிற்கும் வகை, என்று ஒருவர் விற்கிறார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன். அவர் அனுப்பிய படத்தில் உருவத்தைச் சுற்றியுள்ள தளம் கன்னங்கரேல், கென்னடி முகம் வெள்ளை வெளேர். ஹோல் டியூப்லைட்டில் பார்த்தால் தளம்தான் வெள்ளை, முகம் சாம்பல். எதை நம்புவது?

பதில்:
தம்பி, கண்ணாடித் தளத்துக்குச் சொந்த நிறம் இல்லை, எதிரே இருப்பதைத்தான் காட்டும். உங்கள் வீட்டில் அது வெள்ளைச் சீலிங்கைக் காட்டுகிறது, படமெடுத்தவர் எதிரே கறுப்பு மட்டை ஏதாவது வைத்திருப்பார். டியூப்லைட்டை அணைத்துவிட்டு மேசை லாம்பில் ஒற்றை மின்குமிழைப் போடுங்கள். விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் தளம் இருண்டுபோகும் ஒரு கோணம் வரும், அங்கே நிறுத்துங்கள். கன்னத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், தாடை ஓரமும் எழுத்துகளும் வெள்ளையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் பின்பக்கம். ஒரு பக்கம் குறைந்தாலும் டீப் கமியோ கிடைக்காது.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. முன்பக்கம் நீங்கள் சொன்னபடியே அருமையாக இருக்கிறது. பின்பக்கத்தில் கழுகின் இறக்கை வெள்ளை, ஆனால் கேடயக் கோடுகளும் சுற்றியுள்ள நட்சத்திரங்களும் தளத்தோடு சேர்ந்து மின்னுகின்றன. ஒரே நாணயத்தில் ஏன் இப்படி?

இன்னொரு பதில் (தெகிவளை):
நாணயம் அடிக்கும் அச்சுகளில் முன்பக்கத்தது புதிது, பின்பக்கத்தது தேய்ந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதில்லை. அச்சின் பள்ளத்தைச் சொரசொரப்பாக்கினால்தான் நாணயத்தில் அந்த வெள்ளை விழும், அடிக்க அடிக்க அது மழுங்கிவிடும். அச்சுக்குக் குரோமியம் பூசத் தொடங்கிய 1970களுக்கு முன்பு, புது அச்சின் முதல் சில நாணயங்களுக்குத்தான் முழுதாகக் கிடைத்தது. 1968இல் 30 இலட்சத்துக்கு மேல் ப்ரூஃப் அடித்தார்கள், இரண்டு பக்கமும் ஆழமாக விழுந்தது அதில் சிறு பங்குதான், அதனால்தான் விலையும் அப்படி. உங்களுடையது டீப் கமியோ இல்லை. தளத்தில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள், யாரோ துணியால் துடைத்த அடையாளம் அது. மென் பிளாஸ்டிக் உறையில் இருந்தால் உடனே மாற்றுங்கள், கொழும்புப் புழுக்கத்தில் பச்சைப் பிசின் சீக்கிரம் பிடிக்கும்.

கேட்டவர்:
கீறல் இல்லை. உறை கடினமானதுதான். சாதாரண ப்ரூஃப் விலைக்கென்றால் எடுக்கிறேன் என்று அவருக்கு எழுதிவிட்டேன்.