கைவேலைக்காரர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்

கூடைப்பித்து

ஒயர் கூடை போடுகிறவர்களிடம்தான் முதலில் கேட்கிறேன். விழுப்புரத்திலிருந்து தாம்பரம் வரும் பஸ். மடியில் கூடை, பச்சையும் மஞ்சளும், சிவன் கண் முடிச்சு. உடம்பு முடிந்துவிட்டது, கைப்பிடி மட்டும் பாக்கி. திண்டிவனத்தில் ஒரு பாட்டி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையையே பார்த்துக்கொண்டு வந்தவர், “கைப்பிடிக்கு உள்ளே பைப்பு விடப்போறியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பைப்பு எதுக்கு, குடு இப்படி” என்று வாங்கிக்கொண்டார்.

ஓரத்தில் விட்டிருந்த ஒயரில் நாலை எடுத்தார். ஒன்றை மடித்து இன்னொன்றின் மேல் போட்டு, மூன்றாவதை எங்கேயோ நுழைத்து, நாலாவதைப் பல்லால் கடித்து இழுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கடி, ஒரு இழுப்பு. உள்ளே ஒன்றுமே இல்லாமல் கைப்பிடி தானாக விறைத்து எழுந்து நின்றது. தொட்டுப் பார்த்தால் உருண்டையாக, விரலுக்குப் பதமாக இருந்தது. ஒரு சாண் உயரம் வந்திருக்கும், கண்டக்டர் “மேல்மருவத்தூர்” என்று கத்தினார். கூடையை என் மடியில் வைத்து, “மீதியை நீ போட்டுக்கோ” என்று இறங்கிப் போய்விட்டார்.

மீதியை என்னால் போட முடியவில்லை. இத்தனைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் போட்டதைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். பிரிக்க மனசு வரவில்லை. இது என்ன கைப்பிடி, யாருக்காவது தெரியுமா?

நூல்கண்டு

அதிசயமெல்லாம் இல்லைங்க. ஸ்கூல் படிக்கும்போது ஒயரில் சாவிக்கொத்து பின்னுவோமே, அதே பின்னல்தான். என் அம்மா டஜன் கணக்கில் போடுவார்.

ஆனால் அந்தக் கைப்பிடியை நம்பி அரிசி பருப்பு தூக்காதீர்கள். பின்னல் பார்க்க விறைப்பாக இருக்கும், பாரம் ஏறினால் முறுக்கிக்கொள்ளும், உள்ளங்கையில் பதியும். பைப்பு விடுகிற வழக்கம் சும்மா வரவில்லை. ஒயர் வாங்கும்போதும் பாருங்கள். மலிவு ஒயர் வெயிலில் நாலு மாதம் கிடந்தால் வெளுத்து, நுனியில் நாராகப் பிரியும். நகத்தால் அழுத்தினால் தழும்பு விழுந்து அப்படியே நிற்கிற ஒயர் வேண்டாம், மறைய வேண்டும். விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் கேரி பேக்குக்குத் தடை வந்ததிலிருந்து ஒயர் கூடைக்கு மறுபடி மவுசு. எத்தனை கட்டு ஒயர் போயிற்று என்று மட்டும் கணக்குப் போட்டு விலை சொல்கிறவர்கள்தான் அதிகம். உட்கார்ந்த நேரத்துக்கு யார் காசு தருவது? சிவன் கண்ணுக்குச் சாதா முடிச்சைவிட ஒயரும் கூட, நேரமும் கூட. இரண்டுக்கும் ஒரே விலை வைக்கிறவர்களால்தான் மற்றவர்கள் பிழைப்பும் கெடுகிறது.

கூடைப்பித்து

நான் விலை கேட்கவே இல்லையே. சாவிக்கொத்துப் பின்னல் எனக்கும் வரும். அது சதுரம். இது உருண்டை. விரலால் தடவினால் முனையே இல்லை.

குறுக்குமடி

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சாவிக்கொத்தில் ஒயரை நேர் எதிரே மடித்தால் சதுரமாக வரும். அதே மடிப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டால் சுழன்றுகொண்டே மேலே போய் உருண்டையாகும். பாட்டி அதைத்தான் செய்திருப்பார். வேறு துண்டு ஒயரில் பழகிவிட்டு அப்புறம் கூடையில் கை வையுங்கள்.

ஒட்டுப்பொம்மை

நான் கொலு பொம்மை ரிப்பேர் செய்கிறேன். ஆடி பிறந்தால் வீடு முழுக்கக் கையும் மூக்கும் போன சாமிகள். அதோடு ஒரு சேகரிப்பும் உண்டு. செட்டிலிருந்து பிரிந்து, யாருக்கும் வேண்டாம் என்று வந்துசேர்கிற ஒற்றைப் பொம்மைகள். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் மட்டும், பல்லக்கு இல்லாத பல்லக்குத் தூக்கி, இப்படி.

ஒரு வீட்டுத் தசாவதாரம் வந்தது. பண்ருட்டி மண் பொம்மை, பழைய வேலை. வீடு மாற்றும்போது வாமனர் தொலைந்துவிட்டார். “பாட்டிக்குத் தெரியக்கூடாது, எப்படியாவது பண்ணிக் கொடுங்க” என்றார் மருமகள். அதே உயரத்தில் என்னிடம் ஒருவன் இருந்தான், தெருக் கிரிக்கெட் செட்டில் மிஞ்சிய பையன். மட்டையைக் கழற்றினேன். டவுசரை வேட்டியாக்கினேன். குடுமி வைத்து, பூணூல் போட்டு, ஒரு கையில் கமண்டலம், மறு கையில் ஈர்க்குச்சிக் காம்பும் கெட்டிக் காகிதமுமாக ஒரு தாழங்குடை. பழைய மஞ்சள் நிறத்துக்கு டீத்தண்ணீர் கலந்து பூசியது வரை எல்லாம் பொருந்தியது.

நவராத்திரியில் வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பாட்டி என்னைப் படிக்கட்டு முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். வாமனரிடம் வந்ததும் கொஞ்சம் குனிந்தார். “இவன் நிக்கிற நிலையைப் பார்த்தா மூணடி மண்ணு கேட்க வந்தவன் மாதிரி இல்லையே. பந்து எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு நிக்கிறான்.” சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சுண்டல் எடுக்க உள்ளே போய்விட்டார்.

மருமகளுக்கு முகம் செத்துவிட்டது. பாட்டி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷமும் அந்தப் பொம்மைதான் படியில் இருக்கிறதாம். தெரிந்துதான் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

படிக்கட்டு

தெரிந்துதான் சொல்லியிருப்பார். ஆனாலும் நீங்கள் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கீழ்ப்படியில் கிரிக்கெட் வையுங்கள், பார்க் வையுங்கள், ரயில் விடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? அவதார வரிசையில் கிரிக்கெட் பையனுக்குப் பூணூல் போட்டு நிறுத்துவது வேறு. விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ சொன்னால் ஒற்றை வாமனர் செய்து தருவார்களே.

ஒட்டுப்பொம்மை

தருவார்கள், புதுப் பளபளப்போடு. மற்ற ஒன்பது பேருக்கு நடுவில் அது தனியாகத் தெரியும். அச்சில் வார்க்கிற மண்ணுக்கு எது அவதாரம், எது பையன் என்று முதலில் தெரியுமா என்ன? கண் திறக்கிறவர் கையில்தான் அது இருக்கிறது.

சுடுமண்

நான் டெரகோட்டா நகை செய்கிறேன். என்னிடம் ஒரு மாமி காது அறுந்த யானையைக் கொண்டுவந்து, அதே மண்ணில் காது செய்து ஒட்டிச் சுட்டுத் தரச் சொன்னார். முடியாது என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். என் கதை அவ்வளவுதான். ஆனால் பொம்மை ரிப்பேர் பேச்சு வந்ததால் சில விஷயங்கள்.

வர்ணம் பூசிய பழைய பொம்மையைத் திரும்பச் சூளையில் வைத்தால் வர்ணம் கருகிப் போய்விடும். அதனால் உடைந்த இடத்தில் சுடாத பசைதான். கை கால் என்றால் உள்ளே மெல்லிய கம்பி கொடுத்து, எம்சீல் என்கிற, பிசைந்தால் இறுகுகிற பசையால் உருவம் பிடித்து, இறுகின பிறகு உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை அடித்துவிட்டுத்தான் நிறம். அழுக்கு போக ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். பழைய பொம்மைகளில் தண்ணீரில் கரைகிற வர்ணம் இருக்கலாம், அம்மன் முகமே துணியோடு வந்துவிடும். முதலில் பொம்மையின் அடிப்பக்கத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். தூசிக்கு உலர்ந்த பிரஷ் போதும். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரம் இன்னும் ஆகாது. அது எடை குறைவு, விழுந்தால் உடையாது, ஆனால் பூச்சி அரிக்கும். எடுத்து வைக்கும்போது பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி, மேலே பேப்பர் சுற்றுங்கள். பேப்பரை நேராகச் சுற்றினால் அச்சு மை ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தால் உள்ளே வேர்த்துவிடும்.

மணி செய்கிறவர்களுக்கும் ஒன்று. மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றி, நிழலில் காயவைத்து, தீயை மெதுவாக ஏற்றுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளேயே வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருக்கிற நாலையும் கூட்டிக்கொண்டு போகும். கறுப்பு நிறம் வேண்டுமானால் பெயிண்ட் அடிக்க வேண்டாம். மூடி போட்ட பாத்திரத்தில் மரத்தூளோடு வைத்துச் சுட்டால், காற்றில்லாமல் புகை ஏறித் தானே கறுக்கும்.

சீர்த்தட்டு

சுடுமண் அக்கா, மூச்சு விட்டுக்கோங்க.

நான் கல்யாணச் சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்கிறவள். துண்டில் அன்னம், கற்கண்டில் லிங்கம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஒரு பெண் வீட்டில் மாப்பிள்ளையின் பழைய புல்லட்டைத் தட்டில் கேட்டார்கள். பேரீச்சம்பழத்தில் உடம்பு, முந்திரியில் சீட், சக்கரம் இரண்டும் தேன்குழல். கம்பி வைத்ததுபோல அந்த முறுக்கின் சுற்று அப்படியே பொருந்தியது, எனக்கே கர்வம்தான்.

சீர் ஊர்வலம் மண்டப வாசலுக்கு வந்தது. தட்டு தூக்கி வந்த அத்தை ஃபோட்டோவுக்காக நின்றார். அவர் இடுப்பிலிருந்த குழந்தை எட்டி முன் சக்கரத்தைக் கடித்துவிட்டது. ‘கடக்’ என்று எனக்குக் கேட்டது. ஃபோட்டோகிராஃபர் அதையும் எடுத்தார், ஊரே சிரித்தது, நானும்தான். மறுநாள் பாக்கிப் பணம் வாங்கப் போனேன். பெண்ணின் சித்தப்பா நோட்டை எண்ணிவிட்டு, “ஒரு சக்கரம் குறைஞ்சிருந்துச்சே, அதுக்குக் கழிச்சுக்கலாமா?” என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

நூல்கண்டு

இதற்குத்தான் முதலிலேயே விலை பேசச் சொன்னேன்.

சீர்த்தட்டு

முதலிலேயே பேசின விலைதாங்க அது.

தீப்பெட்டிப்படம்

நான் எதையும் செய்வதில்லை, சேர்க்கிறேன். தீப்பெட்டி லேபிள். 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானபோது டீக்கடை டீக்கடையாக அலைந்து பழைய விலை போட்ட பெட்டிகளைச் சேர்த்தேன். வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது வேறு கதை.

கோவில்பட்டியில் ஒரு நண்பர் வீட்டுக்கு ஆல்பத்தோடு போயிருந்தேன். சிவகாசியிலிருந்து இரண்டு நாடார்கள் கல்கத்தா போய்த் தொழில் கற்று 1923-ல் திரும்பினார்கள், லேபிள் தேவையால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். நண்பரின் பெரியம்மா சுவரோரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆல்பத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு உறையில் ஒரே மாதிரி லேபிள்கள் கத்தையாக இருந்தன, என்னிடம் இருப்பவற்றில் பழையவை. உருவி எடுத்தார். தரையில் கவிழ்த்து உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு தள்ளு. கத்தை விசிறியாக விரிந்தது. ஒவ்வொரு லேபிளின் ஓரமும் நூலளவுக்குத் தெரிந்தது, ஒன்றுகூட அதிகமாக வெளியே வரவில்லை. “இப்படி வச்சா ஒரே இழுப்புல எல்லாத்துக்கும் பசை பூசிரலாம்” என்றவர், உள்பக்கம் திரும்பி, “ஏட்டி, மைதா பசை கிண்டியிருக்கா?” என்றார்.

நான் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு! வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்டியவராம், குரோசுக் கணக்கில் கூலி. ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. “பெட்டியில ஒட்டாம இதை வச்சு என்னய்யா செய்வ?” என்றார். சேகரிப்பு பற்றிப் பல பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் பதில் வைத்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கத்தையைத் தட்டிச் சேர்த்து உறையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மரப்பாச்சி

எனக்கு வேலையே மரப்பாச்சிக்கு உடை தைப்பது. தையல்கடைத் துண்டுத்துணிதான் மூலதனம். திருப்பதியில் ஜோடி ஜோடியாக வாங்கி, பையில் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். செம்மரக் கெடுபிடி தெரிந்ததுதானே. போலீஸ்காரர் ஒரு ராஜாவை எடுத்து மோந்தார், திருப்பினார், “இது செம்மரமா?” என்றார். “பொம்மை சார்” என்றேன். “அது தெரியுது.” கடை ரசீதைக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை, பெண் காவலர் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “துணி எங்கே?”

தைத்த மாதிரி ஒன்று கைப்பையில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். ஜரிகை வைத்த பாவாடை, கொக்கி வைத்த ரவிக்கை. கொக்கியைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தன் வீட்டு ராணிக்கு ஒன்று வேண்டும் என்று கையை விரித்து அளவு காட்டினார். “ஒரு சாண், மேலே ரெண்டு விரல். பச்சையில போடு.” அதற்குள் போகச் சொல்லிவிட்டார்கள்.

பச்சையில் தைத்துவிட்டேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், வேறு யாரோதான் நிற்கிறார்கள். பெயர் கேட்கவில்லை, ஃபோன் நம்பரும் இல்லை.

படிக்கட்டு

இப்போது வருகிறதில் பாதி சாயம் ஏற்றின வேறு மரம். உண்மையான செம்மரம் என்றால் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்தால் சிவப்பு விழுது வரும். அவர்களிடம் அதைச் செய்து காட்டியிருக்கலாம்.

மரப்பாச்சி

அவர் கேட்டது செம்மரமா என்று. ஆமாம் என்று நிரூபித்துவிட்டு அப்புறம் நான் எப்படி வீட்டுக்கு வருவது?

சீர்த்தட்டு

அக்கா, எங்கள் வீட்டு ராணியும் ஒரு சாண், ரெண்டு விரல்தான். இப்போதுதான் அளந்தேன். அந்தப் பச்சைப் பாவாடை என்ன விலை?

மரப்பாச்சி

அது விற்பனைக்கு இல்லை. உங்களுக்கு வேறு தைத்துத் தருகிறேன். இடுப்புச் சுற்றளவை நூலால் எடுத்து அனுப்புங்கள், என்ன நிறம் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.