வீட்டுப் பெண்கள் குழு: ஓட ஆரம்பிக்கலாமா?

நான்: எல்லோரிடமும் ஒரு கேள்வி. சிசேரியனில் குழந்தை பிறந்து நாளையோடு எட்டு வாரம் முடிகிறது. ஆறாவது வாரப் பரிசோதனையில் தையல் நன்றாக ஆறிவிட்டது, உடற்பயிற்சி செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முதல் ஓடப் போகிறேன். தொப்பை குறைக்கும் முப்பது நாள் பயிற்சி வீடியோ ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா: ஓடாமல் உன்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நல்லபடியாகத் தொடங்கு.

அம்மா: இப்போதேவா? வயிற்றைக் கீறி எடுத்த உடம்பு. ஆறு மாதம் அசையாமல் இரு.

அண்ணி: அத்தை, அசையாமல் படுத்திருப்பதும் ஆபத்துதான். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் இரத்தம் எளிதில் உறையும். அதனால் நடக்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டம் இப்போது வேண்டாம்.
இது பெண்கள் மட்டும் இருக்கும் குழு, கூச்சப்படாமல் சொல். இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறதா?

நான்: கொஞ்சம் கசிகிறது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

சித்தி: எல்லோருக்கும் உள்ளதுதான். போகப் போகப் பழகிவிடும்.

அண்ணி: பலருக்கும் இருக்கிறது சித்தி. அதற்காகப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பத்து மாதம் சுமை தாங்கி அவை தளர்ந்திருக்கின்றன. சிசேரியன் செய்தவர்களுக்கும் இது வரும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை தாக்குகிறது. தளர்ந்த தசை அதை எப்படித் தாங்கும்?
பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓட்டத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை பொறுக்கச் சொல்கிறது. அதுவும் கசிவோ வலியோ இல்லாதவர்களுக்கு.

நான்: மருத்துவர் செய்யலாம் என்றாரே அண்ணி?

அண்ணி: செய்யலாம்தான், ஓட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லவில்லையே. மேல்தோல் ஆறிவிட்டது. உள்ளே வெட்டுப்பட்ட அடுக்குகள் உறுதிபெற இன்னும் பல மாதம் ஆகும்.
இன்றைக்கே இதைத் தொடங்கு. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள். மூச்சை வெளியே விடும்போது, சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இழு. இழுத்தபடி பத்து வினாடி வரை இரு. முடியாவிட்டால் மூன்று வினாடி போதும். பிறகு முழுவதும் தளர்த்து. தளர்த்துவதை அவசரப்படுத்தாதே, அதுவும் பயிற்சியில் சேர்த்திதான். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் அடக்கிப் பழகாதே, அது கெடுதல்.

அக்கா: அந்த வீடியோ?

அண்ணி: படுத்து எழும் பயிற்சிகள்தானே அதில் இருக்கும்? வேண்டாம். படுத்தபடி தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பார். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தாலோ, வயிறு கூம்பாகப் புடைத்தாலோ, கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை. அந்த நிலையில் படுத்து எழுந்தால் அழுத்தம் அந்த இடைவெளியில்தான் போய் விழும்.

நான்: இப்போதே பார்த்தேன். இரண்டரை விரல் இருக்கும் போலிருக்கிறது.

அண்ணி: பயப்படாதே. இந்த வாரங்களில் பலருக்கும் இருப்பதுதான், பெரும்பாலும் சரியாகும். ஆனால் கசிவும் சேர்ந்திருப்பதால் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டிவிடு.

அம்மா: உடற்பயிற்சி செய்தால் பால் குறையாதா?

அண்ணி: மிதமாகச் செய்தால் குறையாது அத்தை. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும்.

அம்மா: அப்படியானால் காலையில் பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை என்னிடம் தா. நீ நடந்துவிட்டு வா.

அண்ணி: முதலில் பதினைந்து நிமிடம் நட, பிறகு மெல்லக் கூட்டு. முப்பது நிமிடம் வேகமாக நடந்தும் கசிவில்லை, ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தும் ஒன்றும் செய்யவில்லை என்ற நிலை வந்த பிறகு ஓட்டத்தைப் பேசுவோம். அடிவயிறு கீழே இறங்குவதுபோல் கனத்தாலோ, உதிரப்போக்கு மறுபடி அதிகரித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ. கெண்டைக்காலில் வீக்கம், வலி வந்தாலும் மூச்சுத் திணறினாலும் ஒரு நிமிடமும் காத்திருக்காதே, உடனே மருத்துவமனை.

நான்: சரி அண்ணி. ஓட்டம் இப்போதைக்கு இல்லை.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணி: படித்துவிட்டேன் சித்தி. ஏன் நீக்கினீர்கள்? எந்த வயதிலும் பலன் இருக்கிறது. விடாமல் மூன்று மாதம் செய்ய வேண்டும். இன்று மாலை அழைக்கிறேன், சரியான தசையைத்தான் இழுக்கிறீர்களா என்று கண்டறிவது எப்படி என்று சொல்லித் தருகிறேன்.

சித்தி: ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. தனியாக இருப்பேன்.